ஐந்து நாள் மாத்திரை

வத்தலக்குண்டு பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு மருந்துக் கடை. காலை ஒன்பது மணி இருக்கும். ரத்த அழுத்தம் பார்க்கும் கருவியின் ரப்பர் பந்து கிழிந்துபோய், புதிது வாங்க நின்றிருந்தேன். எனக்கு முன்னால் நின்றவன் எங்கள் தாண்டிக்குடி ஜீப் டிரைவர் முருகேசன். கையில் ஒரு மஞ்சள் பை.

பையைக் கண்ணாடி மேஜைமேல் கவிழ்த்தான். விழுந்ததெல்லாம் காலி மாத்திரை அட்டைகள். ஒவ்வொன்றிலும் ரப்பர் பேண்டு போட்டு ஒரு துண்டுத் தாள் செருகியிருந்தது. 'மேட்டு வீடு', 'வாத்தியார் சம்சாரம்', 'லைன் வீடு கடைசி'. கடைக்காரர் ஒரு கேள்வி கேட்கவில்லை. அட்டையின் நிறத்தைப் பார்ப்பார், அலமாரிக்குக் கை போகும், அதே நிறத்தில் புது அட்டை வந்து விழும். சந்தையில் கத்தரிக்காய் வாங்குகிறவர்கள்கூட இதைவிட நாலு கேள்வி அதிகமாகக் கேட்பார்கள்.

மலைமேல் இது பழைய வழக்கம். மாத்திரை தீர்ந்தால் காலி அட்டையை ஜீப்பில் கொடுத்துவிட வேண்டும், சாயங்காலம் ஜீப் திரும்பும்போது மாத்திரை வந்துவிடும். அந்த மாத்திரையை யார் எழுதினார்கள், எதற்காக எழுதினார்கள் என்பது அட்டைக்கும் தெரியாது, ஜீப்புக்கும் தெரியாது. எனக்கு இது தெரியும். ஆனால் மொத்தமாக ஒரு மேஜைமேல் குவிந்து கிடந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அட்டைகளுக்கு நடுவே ஒன்று மட்டும் பளபளத்தது. ஆதார் அட்டைக்குப் போடுவதுபோல லேமினேஷன் போட்ட ஒரு சீட்டு. எடுத்துப் பார்த்தேன். மேலே என் பெயர், கீழே என் கையெழுத்து. மூட்டு வீக்கத்துக்கு நான் எழுதிய ஸ்டீராய்டு மாத்திரை. பக்கத்திலேயே கொட்டை எழுத்தில், 'ஐந்து நாள் மட்டும்'.

எழுதி மூன்று வருடம் ஆகியிருந்தது.

"யாருதுப்பா இது?" என்றேன்.

"நம்ம பாக்கியம் அக்காதுங்க டாக்டரம்மா. காபித் தோட்டத்துல பழம் பறிக்கிறவுங்க. மேகம் எறங்குனா பேப்பரு நைஞ்சு போயிருதுன்னு நான்தாங்க லேமினேசன் போட்டுக் குடுத்தேன்."

"மூணு வருசமாவா வாங்கிட்டுப் போற?"

"மாசா மாசங்க. ஒரு மாசம் தவறுனதில்ல," என்றான் முருகேசன். பெருமையாகத்தான் சொன்னான், பாவம்.

முகத்தில் வந்த களை

சென்ற வாரம் இந்தத் தொடரில் மலைக்கு நான் வந்த முதல் வருடத்துக் குளிரைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்த வாசகி ஒருவர் கடிதம் போட்டிருக்கிறார். 'குளிர் கிடக்கட்டும் அம்மா. டாக்டர்கள் எழுதும் தொடர்களில் அவர்கள் பிழைக்க வைத்தவர்கள் மட்டும்தான் வருகிறார்கள். நீங்கள் தவறே செய்ததில்லையா?' என்று கேட்டிருக்கிறார். சுருக்கென்றது. அதனால்தான் இந்த வாரம் பாக்கியத்தின் கதை.

பாக்கியத்துக்கு அப்போது நாற்பத்தைந்து வயது இருக்கும். தாண்டிக்குடிக் கடைவீதியில் இருக்கும் என் கிளினிக்கிலிருந்து ஜீப்பில் முக்கால் மணி நேரம் ஏற வேண்டிய ஊர். அதற்கு மூன்று வருடம் முன்பு இரண்டு கை விரல்களும் வீங்கி வந்தாள். வெளியே நாற்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஐந்து நாளைக்கு மாத்திரை எழுதினேன். ஆறாம் நாள் வரச் சொன்னேன். அவள் வரவில்லை, நானும் தேடவில்லை.

ஏன் வருவாள்? இரண்டாம் நாளே விரல் மடங்கியது, கூடை நிறைந்தது. ஐந்து நாளில் இவ்வளவு நன்மை செய்த மாத்திரையை ஆறாம் நாள் எதற்காக நிறுத்த வேண்டும்? அவள் கணக்கில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

இந்த மாத்திரையை நாள்பட விழுங்கினால் முகம் உப்பும், கன்னம் திரளும். எங்கள் பக்கத்தில் ஒல்லியான பெண்ணுக்குக் கன்னம் திரண்டால் அதற்குப் பெயர் நோயா? "பாக்கியம் தேறிட்டா", "மூஞ்சில களை வந்திருச்சு" என்று ஊரே சொன்னது. அவளைப் பார்த்து இன்னும் இரண்டு பெண்கள் அந்த மாத்திரையின் பெயரைக் கேட்டார்களாம்.

ஊரை ஏன் சொல்ல வேண்டும்? மஞ்சள் பையைப் பார்த்த அந்த நாளுக்கு ஆறு மாதம் முன்பு சந்தையில் அவள் எனக்கு எதிரே வந்தாள். "எல்லாம் நீங்க குடுத்த மாத்திரைதான் டாக்டரம்மா," என்று கும்பிட்டாள். நான் என்ன மாத்திரை என்று கேட்டேனா? இல்லை. உருண்டு நின்ற அந்த முகத்தைப் பார்த்து, நம் கைராசி என்று பூரித்துப்போய் வாழைப்பழம் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். முதல் வருட மருத்துவ மாணவி கண்டுபிடித்திருப்பாள். எழுதும்போதே வெட்கமாக இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நான் மலைக்கு வந்த புதிதில் ஊசி போடாத டாக்டரை யாரும் டாக்டராகவே மதிக்கவில்லை. "வெறும் மாத்திரைய எழுதிக் குடுக்கவா இம்புட்டுத் தூரம் வந்தோம்?" என்று முகத்துக்கு நேரே கேட்பார்கள். ஒரு மாதம் கொள்கையோடு இருந்தேன். கிளினிக்கில் ஈ ஓட்டினேன். பிறகு சத்து ஊசி போட ஆரம்பித்தேன். வாசலில் கூட்டம் நின்றது. ஊரைக் கெடுத்ததில் என் பங்கும் உண்டு என்பதற்காகச் சொல்கிறேன்.

இப்போது ஊசி மோகம் கொஞ்சம் குறைந்திருக்கிறது. வேறு கூத்து வந்திருக்கிறது. நோயாளி உட்காரும்போதே, "இந்த மாத்திரைய எழுதிக் குடுத்திருங்க டாக்டர்," என்று செல்போனை நீட்டுகிறார். கொடைக்கானலில் தங்கியிருக்கும் சுற்றுலாக்காரர்கள் நாக்கைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். தொட்டுப் பார்க்கிற வேலை போய்விட்டது. எழுதுகிற கை மட்டும் போதும் என்றாகிவிட்டது.

என் யோக்கியதையும் அப்படித்தான். நெஞ்செரிச்சலுக்காகப் பத்து நாள் சாப்பிட ஆரம்பித்த மாத்திரையைப் பதினொரு வருடமாகத் தினமும் காலையில் விழுங்கிக்கொண்டிருந்தேன். என் நர்ஸ் தெரசா, கொடைக்கானல் மிஷன் பக்கத்துப் பெண், வாய் நீளம். "ஊருக்குத்தான் உபதேசம் போல மேடம்," என்று ஒருநாள் சொல்லிவிட்டாள். இரண்டு நாள் அவளோடு நான் பேசவில்லை.

சீட்டைப் பிடுங்கினேன்

மருந்துக் கடைக்கு வருகிறேன். எனக்குக் கோபம் வந்தால் வாயும் கையும் முந்திக்கொள்ளும், அறிவு அடுத்த பஸ்ஸில்தான் வரும். அந்த லேமினேஷன் சீட்டைக் கைப்பையில் போட்டேன். "இனிமே இந்த மாத்திரையை இந்தப் பேருக்குக் குடுத்தீங்கன்னா நடக்கிறதே வேற," என்று கடைக்காரரிடம் கத்தினேன்.

அவர் பதறவே இல்லை. "நான் குடுக்காட்டி பக்கத்துக் கடையில வாங்கப் போறாங்க மேடம். சீட்டு உங்க சீட்டுதான?" என்றார்.

முருகேசன்தான் தயங்கினான். "அந்தக்கா மாத்திரை இல்லாட்டி படுக்கையை விட்டு எந்திரிக்க மாட்டாங்க டாக்டரம்மா. கைவசம் ஒரு மாத்திரைகூட இல்லைன்னு சொன்னாங்க."

"என்னை வந்து பாக்கச் சொல்லு. மூணு வருசமா வராதவளுக்கு இப்பவாச்சும் வரத் தெரியட்டும்."

சொல்லிவிட்டுத் திண்டுக்கல் பஸ் ஏறிவிட்டேன். தங்கை மகளுக்குக் கல்யாணம். நான்கு நாள் கிளினிக்குக்கு விடுமுறை. யாரைப் பார்க்க அவள் வருவாள் என்று யோசிக்கக்கூட இல்லை.

செம்பட்டி தாண்டும்போது அறிவு வந்து சேர்ந்தது. இந்த மாத்திரையை வருடக்கணக்கில் விழுங்கியவர்கள் சட்டென்று நிறுத்தக் கூடாது. நம் உடம்பு தனக்கு வேண்டிய அந்தச் சுரப்பைத் தானே சமைத்துக்கொள்கிறது. மூன்று வருடம் வெளியிலிருந்து சாப்பாடு வந்துகொண்டே இருந்தால் வீட்டு அடுப்பு அணைந்துதான் கிடக்கும். ஒருநாள் சாப்பாடு வரவில்லை என்றால் வீடே பட்டினி. அடுப்பை மறுபடி மூட்டிக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் பழக்க வேண்டும். இதெல்லாம் எனக்குத் தெரியும். பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன்.

முருகேசனுக்குப் போன் போட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே இருந்தான். மலையில் அது சாதாரணம். கல்யாண வீட்டுக்குப் போய்க் கூப்பிடலாம் என்று நினைத்தேன். கல்யாண வீட்டில் மறந்தேன்.

ஐந்தாம் நாள்

ஐப்பசி மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. ஊர் திரும்பிய மறுநாள் காலை பத்து மணிக்கு முருகேசனின் ஜீப் கிளினிக் வாசலில் ஏறி நின்றது. பின்சீட்டில் ஒரு கம்பளிக்குள் பாக்கியம் கிடந்தாள். பக்கத்தில் அவள் கணவர்.

இரண்டு நாளாக வாந்தி. மழையில் நனைந்து காய்ச்சலும் சேர்ந்திருந்தது. கூப்பிட்டால் கண்ணைத் திறந்து மூடினாள். கை ஐஸாகச் சில்லிட்டிருந்தது. ரத்த அழுத்தம் எழுபதுகூட இல்லை.

ஆஸ்துமாக்காரர்களுக்காக வைத்திருந்த ஸ்டீராய்டு ஊசியை எடுக்கச் சொன்னேன். எதை அவளிடமிருந்து பிடுங்கினேனோ அதையே நரம்பில் ஏற்றினேன். சலைன் ஓடியது. தெரசா ஆம்புலன்சுக்குச் சொன்னாள். அது கீழேயிருந்து ஏறி வர வேண்டும்.

"ஏன்யா, இம்புட்டு ஆகுற வரைக்கும் வீட்டுலயா வச்சிருந்தீங்க?" என்று தெரசா கணவரிடம் சத்தம் போட்டாள்.

அவர் முருகேசனைப் பார்த்தார். "மாத்திரை வரலைம்மா. நாங்க என்ன செய்ய?"

முருகேசன் தரையைப் பார்த்துக்கொண்டு, "கடையில ஸ்டாக்கு இல்லைங்க," என்றான்.

நான் அங்கேதான் நின்றிருந்தேன். நான் வாய் திறக்கவில்லை. அவள் கையைப் பிடித்து நாடி பார்ப்பதுபோல நின்றுகொண்டேன்.

ஒரு மணி நேரத்தில் அழுத்தம் தொண்ணூறைத் தொட்டது. பாக்கியம் தண்ணீர் கேட்டாள். ஆம்புலன்சில் அவளோடு நானும் ஏறி வத்தலக்குண்டு அரசு ஆஸ்பத்திரியில் விட்டேன். பிழைத்துவிட்டாள். ஊரில் என்ன பேச்சு தெரியுமா? 'டாக்டரம்மா இல்லாட்டி பாக்கியம் போயிருப்பா.' இரண்டு பேர் என் காலைத் தொட்டுக் கும்பிட்டார்கள். அதைவிடக் கன்னத்தில் அறைந்திருக்கலாம்.

செவ்வாய்க்கிழமை ஜீப்

அவளை அந்த மாத்திரையிலிருந்து இறக்காமல் ஓய்வதில்லை என்று அன்றைக்கு முடிவு செய்தேன். இறக்குவது என்றால் மாதக்கணக்கில், கொஞ்சம் கொஞ்சமாக. அவசரப்பட்டால் மறுபடி பழைய இடம். அதற்கு நடுவே அவளுடைய கைகளும் ஓட வேண்டும். கை ஓடாவிட்டால் கூலி இல்லை.

மருந்தே விஷம் என்று பேசும் கூட்டத்தோடு எனக்கு ஒட்டாது. மதுரையில் மூட்டு நோய் நிபுணரிடம் அவளை அழைத்துப்போனேன். மூன்று வருடமாக அந்த வீக்கத்துக்கு என்ன பெயர் என்று யாரும் பார்க்கவில்லை, முதலில் நானே பார்க்கவில்லை. முடக்குவாதம். அதற்குரிய மருந்து வேறு. ரத்தப் பரிசோதனையோடு, கண்காணிப்போடு சாப்பிட வேண்டியது. அது வேலை செய்யவே இரண்டு மூன்று மாதம் ஆகும். அதுவரை பழையதைக் குறைத்துக்கொண்டே வர வேண்டும்.

"மாசா மாசம் வந்து காட்டு" என்று சொன்னால் வர மாட்டாள் என்பது தெரியும். அதனால் நானே போக ஆரம்பித்தேன். செவ்வாய்க்கிழமை கிளினிக்கை அடைத்துவிட்டு முருகேசன் ஜீப்பில் முன்சீட்டில் ஏறிக்கொள்வேன். அந்தப் பாதையில் குலுங்கி இறங்கும்போது எனக்கே ஒரு வலி மாத்திரை போடத் தோன்றும். போட மாட்டேன்.

மார்கழியில் அவள் வலி உச்சத்துக்கு வந்தது. தோட்டமெல்லாம் பழம் சிவந்து கிடக்கிறது, பறிக்க ஆள் பற்றவில்லை, இவளோ விரலை மடக்க முடியாமல் அடுப்படியில் உட்கார்ந்திருக்கிறாள்.

"சோத்தப் பெசஞ்சு வாயில வைக்க முடியல. நீங்க பாட்டுக்குச் சும்மா இருந்திருந்தா நான் நல்லா இருந்திருப்பேன். எந்திரிச்சுப் போங்க டாக்டரம்மா, எனக்குச் சோலி கெடக்கு," என்றாள்.

போனேன். அடுத்த செவ்வாய் மறுபடி வந்தேன்.

ஊரும் என்னைச் சும்மா விடவில்லை. கன்னம் வற்ற வற்ற, "டாக்டரம்மா கைபட்டு பாக்கியம் இளைச்சுட்டா" என்றார்கள். காலைத் தொட்டவர்களில் ஒருத்தி என்னைக் கண்டால் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

தை மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை போனபோது பாக்கியம் சிரித்தபடி எதிரே வந்தாள். விரல்கள் மடங்கின. முகம் லேசாக உப்பியிருந்தது. இந்தத் தடவை எனக்குக் கண் தெரிந்தது.

"எங்க வாங்குன?" என்று கேட்டேன்.

கேட்டுக் கேட்டுத்தான் விஷயம் வெளியே வந்தது. பண்ணைக்காட்டு ஜீப் ஒன்றில் வேறு யார் பேரிலோ காலி அட்டை கொடுத்துவிட்டிருக்கிறாள். இரண்டு மாதமாகச் செய்த வேலை வீண். தொண்டைவரை வசவு வந்தது. நல்ல வசவு, மதுரைப் பக்கத்து வசவு. முழுங்கினேன்.

"சரி. எத்தனை போட்ட, எத்தனை நாளு? அதை மட்டும் சரியாச் சொல்லு. அங்கருந்து மறுபடி எறங்குவோம்," என்றேன்.

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். பிறகு அரிசிப் பானைக்குள் கையை விட்டு மிச்ச மாத்திரையை எடுத்து என் முன்னால் வைத்தாள்.

அன்றைக்குத்தான் எனக்கு ஒரு விஷயம் உறைத்தது. அவளுக்குக் காலையில்தான் விரல் விறைப்பு. வெயில் ஏறிய பிறகு தளர்ந்துவிடும். அந்தக் காலைப் பொழுதைக் கடத்தத்தான் மாத்திரை. பையிலிருந்து சீட்டுப் புத்தகத்தை எடுத்துத் தோட்டத்து மேஸ்திரிக்கு எழுதினேன். 'பத்து மணிக்கு முன்னால் இவருக்குப் பழம் பறிக்கும் வேலை வேண்டாம். அதுவரை களத்தில் காயும் காபிக்கொட்டையைக் காலால் கிளறிவிடும் வேலை கொடுக்கவும்.' என் தொழிலில் மருந்தின் பெயர் இல்லாமல் நான் எழுதிய முதல் சீட்டு அது. மேஸ்திரி திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "டாக்டரு சீட்டுல இதெல்லாம்கூட எழுதலாங்களா?" என்று கேட்டார். எழுதலாம் என்றேன். கொடுத்தார்.

அடுத்த வாரம் போனால் அந்தச் சீட்டுக்கும் பாக்கியம் லேமினேஷன் போட்டு வைத்திருந்தாள்.

மாசி, பங்குனி என்று இறங்கினோம். புது மருந்து மெல்லக் கைகொடுத்தது. வெந்நீரில் கை வைப்பது, விரலுக்குப் பயிற்சி என்று எல்லாவற்றையும் முணுமுணுத்துக்கொண்டே செய்தாள். கூடவே நானும் என் நெஞ்செரிச்சல் மாத்திரையை நிறுத்தினேன். இரண்டு வாரம் நெருப்பை விழுங்கியதுபோல் இருந்தது. ராத்திரி வடையையும் நிறுத்தினேன், சரியாகிவிட்டது. தெரசாவிடம் சொல்லவில்லை, அவளாகவே கண்டுபிடித்துச் சிரித்தாள்.

காபிச் செடி மறைவில்

அடுத்த ஐப்பசி பிறந்தது. ரத்தப் பரிசோதனையில் அவள் உடம்பு தன் சுரப்பைத் தானே சுரக்கிறது என்று வந்துவிட்டது. ஸ்டீராய்டு முழுவதுமாக நின்று இரண்டு வாரம் ஆகியிருந்தது. சொல்வதற்காகப் போனேன். பாக்கியம் தோட்டத்தில் இருந்தாள். அந்த வருடத்து முதல் பழம். இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டு, கிளையை வளைத்து இரண்டு கையாலும் பறித்துக்கொண்டிருந்தாள்.

விவரத்தைச் சொன்னேன். "அப்பாடி," என்றாள். அதற்குமேல் ஆரவாரம் இல்லை.

திரும்ப மனம் வரவில்லை. ஒரு வருடமாகச் சொல்லாமல் வைத்திருந்தது அப்படியே இருந்தது.

"பாக்கியம், அன்னைக்குக் கடையில ஸ்டாக்கு இல்லாம இல்ல. நான்தான் உன் சீட்டைப் புடுங்கிக்கிட்டேன். கோவத்துல. நீ சாகக் கெடந்தது என்னாலதான்."

அவள் கை நிற்கவில்லை. "தெரியும் டாக்டரம்மா. முருகேசன் அன்னைக்கே எங்கிட்டச் சொல்லிட்டான். உங்களப் பாக்கச் சொன்னதையும் சொன்னான். வைவீங்கன்னு பயந்து நான்தான் வரல. எங்க வீட்டுக்காரருக்குத்தான் தெரியாது. தெரிஞ்சா உங்ககிட்ட சண்டைக்கு வந்துருவாருன்னு ஸ்டாக்கு இல்லன்னு சொன்னோம்."

"தெரிஞ்சுமா இத்தன நாளு கேக்காம இருந்த?"

பாக்கியம் கிளையை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"சீட்டப் புடுங்குனது தப்பில்ல. புடுங்குனவுங்க மறுநா மேல ஏறி வந்து பாத்திருக்கணும். வரல பாருங்க, அதான் தப்பு."

முப்பது வருடமாக என்னைக் கும்பிட்டவர்கள் உண்டு, மனதுக்குள் சபித்தவர்களும் இருப்பார்கள். என் தவறு இன்னதுதான் என்று எடுத்துச் சொன்னவர்கள் யாரும் இல்லை. அழுகை வந்தது. மறைக்கவில்லை.

"ஆமா பாக்கியம். அதான் தப்பு," என்றேன்.

அவள் சாக்கைச் சரிசெய்துகொண்டு அடுத்த செடிக்கு நகர்ந்தாள். "வார செவ்வாக் கெழம வெள்ளனே வாங்க. மேட்டு வீட்டுக்காரி நாலு வருசமா ஏதோ தூக்க மாத்திரை போடுறா. இப்ப ரெண்டு போட்டாலும் தூக்கமில்லைங்கிறா. உங்களுக்குப் பயந்துக்கிட்டு யாருகிட்டயும் சொல்லல. டாக்டரம்மா இப்பல்லாம் வையமாட்டாங்க, நான் பொறுப்புன்னு சொல்லி வச்சிருக்கேன்."

என்னைக் கேட்காமலே என் சார்பில் வாக்குக் கொடுத்துவிட்டாள். செவ்வாய்க்கிழமை காலை ஆறரை மணிக்கு நான் ஜீப்பில் உட்கார்ந்திருந்தேன்.